எழுபதுக்கு மேல் முதுகில் கத்தி வைக்கக் கூடாதா?

முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்பதை நம் ஊரில் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. சொன்னாலே போதும், கூடியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். நோயாளிக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். "இந்த வயசுல எதுக்கு? இருக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டிட்டுப் போகட்டும்." படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில சமயம் பல வருடமாகப் பார்க்கும் குடும்ப டாக்டரே சொல்கிறார். இந்தக் கருத்து தவறானது. நடக்கக்கூடிய மனிதர்களை வீட்டுக்குள் முடக்கிப்போடுகிறது என்பதால் கொடுமையானதும்கூட.

எதிர்த்தரப்பின் வாதங்களை அவற்றின் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் நுட்பமான இடம், கொஞ்சம் கை தவறினாலும் கால் விழுந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு எல்லாம் சேர்ந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது. தாங்கினாலும் வலி திரும்ப வரும். ஆபரேஷன் செய்துகொண்டும் வலியோடு இருக்கும் ஒருவரையாவது எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனைகள் காசுக்காக ஸ்க்ரூவும் கம்பியும் போடுகின்றன. மாத்திரை, பயிற்சி, ஓய்வு என்று வேறு வழிகள் இருக்கின்றன. கடைசியாக, இன்னும் எத்தனை வருடம் வாழப்போகிறார்? இவற்றில் ஒன்றுகூட அற்பமான கவலை இல்லை. இரண்டு மூன்றில் நல்ல உண்மையும் இருக்கிறது. ஆனால் 'வயதாகிவிட்டது, அதனால் வேண்டாம்' என்ற தீர்ப்புக்கு இவை எதுவும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்? முதுகுவலி என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைப்பதால்தான் குழப்பமே தொடங்குகிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் போவதற்கு மிகப் பொதுவான காரணம், இடுப்புப் பகுதியில் நரம்புகள் போகும் குழாய் சுருங்கிவிடுவது. வயதாக ஆக டிஸ்க் பிதுங்குகிறது, மூட்டுகள் பருக்கின்றன, எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைநார் தடிக்கிறது. நடுவில் உள்ள நரம்புகள் நெருக்கப்படுகின்றன. ஹாலந்து நாட்டு மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954-இல் இந்தச் சுருக்கத்தையும் அதன் அறிகுறிகளையும் விளக்கி எழுதினார். அறிகுறி விசித்திரமானது. உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. நின்றாலோ நடந்தாலோ தொடையிலும் கெண்டைக்காலிலும் வலியும் மரமரப்பும் இறங்கும். குனிந்தால் குழாய் கொஞ்சம் அகலமாகும், வலி விடும்.

என் அத்தைக்கு எழுபத்து மூன்று வயதில் இது வந்தது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் போகும் வழியில் முதலில் தையல் கடைத் திண்ணையில் உட்காருவார், அடுத்துப் பிள்ளையார் கோயில் படியில். பிறகு தையல் கடை வரைக்கும்கூட முடியாமல் போனது. பேரனின் சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு குனிந்தபடி போனால் மட்டும் வலி வருவதில்லை என்பதை அவரே கண்டுபிடித்திருந்தார். வீட்டில் யாரும் அதை நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசு என்றார்கள்.

1. 'கால் விழுந்துவிடும்' என்கிறார்களே, அங்கே தண்டுவடம் எங்கே இருக்கிறது?

வளர்ந்த மனிதருக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவதன் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது தனித்தனி நரம்புகளின் கற்றை. சுருக்கம் அதிகமாக ஏற்படுவது மூன்றுக்கும் நான்குக்கும், நான்குக்கும் ஐந்துக்கும் இடையில். அதாவது ஸ்கேன் அறிக்கைகளில் எல்லோரும் பார்த்துப் பழகிய அந்த 'எல்4–எல்5'. ஆபரேஷன் நடப்பது தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழே. பின்பக்க எலும்புக் கூரையில் கொஞ்சத்தையும் தடித்த தசைநாரையும் எடுத்து நரம்புக்கு இடம் விடுகிறார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் சுமார் 9 சதவீதம் பேருக்கு நரம்புகளைச் சுற்றியுள்ள உறையில் கிழிசல் ஏற்பட்டது. பெரும்பாலும் அதை அங்கேயே தைத்துவிடுகிறார்கள். கிருமித்தொற்று வரலாம், ரத்தக்கட்டு வரலாம், அரிதாக ஒரு நரம்பு அடிபட்டுப் பாதம் தொய்யலாம். கையெழுத்துப் போடும் முன் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இடுப்புக்குக் கீழே எல்லாம் செயலிழந்து போகும் என்று திண்ணையில் பேசப்படும் பயங்கரம் இந்த ஆபரேஷனின் வழக்கமான ஆபத்துக் கணக்கில் வருவதில்லை.

கழுத்து வேறு விஷயம். அங்கே தண்டுவடம் இருக்கிறது, அதுவே நசுங்குகிறது. ஆனால் அங்கே இந்தப் பயம் தலைகீழான விளைவைத் தருகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கையெழுத்து மாறிவிட்டது, டம்ளர் கை நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது. இவற்றை 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவைத்தால், எந்த முடக்கத்துக்குப் பயந்து ஆபரேஷனை மறுத்தார்களோ அதே முடக்கம் நோயாலேயே வந்து சேரும். ஆபரேஷனால் அதை நிறுத்த முடியும், ஓரளவு மீட்கவும் முடியும். தாமதமானால் மீட்கக்கூடியது குறைந்துகொண்டே போகும்.

2. வயது தாங்காது என்றால், இடுப்பு எலும்பு முறிந்தால் மட்டும் எப்படித் தாங்குகிறது?

இதே குடும்பத்தில் இதே எண்பது வயதுப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், மகன் அன்றைக்கே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். மயக்க மருந்து அதே மயக்க மருந்துதான். சர்க்கரையும் இதயமும் அதேதான். போதாக்குறைக்கு அது முன்னேற்பாடு இல்லாத அவசர ஆபரேஷன். அங்கே யாரும் வயதைச் சொல்லி மறுப்பதில்லை, ஏனென்றால் மறுத்தால் படுக்கைதான் என்று எல்லோருக்கும் தெரிகிறது. நரம்புச் சுருக்கத்தில் அந்த முடக்கம் ஒரே நாளில் வராமல் மூன்று நான்கு வருடத்தில் வருகிறது. மெதுவாக வருவதால் அது கண்ணில் படுவதில்லை. வித்தியாசம் இவ்வளவே.

வயதை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? நான் சொன்ன அந்த அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர்களில் எண்பதும் அதற்கு மேலும் வயதான 105 பேரைத் தனியாக எடுத்துக் கணக்கிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செய்துகொள்ளாதவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். சிக்கல்களும் இறப்பும் இளையவர்களைவிடக் கணிசமாகக் கூடிவிடவில்லை. 105 என்பது சின்ன எண்ணிக்கை; ஆய்வுக்கு வர முடிந்த எண்பது வயதுக்காரர்கள் ஓரளவு திடகாத்திரமானவர்களாகவும் இருந்திருப்பார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவே என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது: பிறந்த தேதியைவிட உடம்பின் நிலைதான் முக்கியம்.

உடம்பின் நிலையை அளக்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? சில அடி தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடக்கிறார்? கடந்த ஒரு வருடத்தில் காரணமில்லாமல் எடை குறைந்ததா? பிடியில் பலம் இருக்கிறதா? மறதி எந்த அளவில் இருக்கிறது? கடைசிக் கேள்வி முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு சில முதியவர்கள் ஓரிரு நாள் மனம் குழம்பி, இரவில் பிதற்றி, பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே நினைவு மங்கியவருக்கு அந்த ஆபத்து அதிகம், மீள்வதும் கடினம். அப்படிப்பட்டவருக்கு வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால் நான் அவர் பக்கம். அறுபத்தைந்து வயதிலேயே 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய உடம்பும் உண்டு, எண்பத்திரண்டில் 'செய்யலாம்' என்று சொல்லக்கூடிய உடம்பும் உண்டு.

3. 'பலனில்லை' என்பவர்கள் எந்தப் பலனைச் சொல்கிறார்கள்?

இந்த ஆபரேஷன் தரக்கூடியது காலுக்கான நிவாரணம். நடக்கும் தூரம் கூடும், நிற்கும் நேரம் கூடும். நெடுநாள் முதுகுவலியை அது முழுவதுமாக நீக்கிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. பல வருடம் நசுங்கிக் கிடந்த நரம்பின் மரமரப்பு மெதுவாகத்தான் குறையும், சிலருக்குக் குறையவே குறையாது. 'ஆபரேஷன் செய்தும் வலி போகவில்லை' என்று சொல்பவர்களில் பலர் முதுகுவலிக்காகச் செய்துகொண்டவர்கள். காலுக்கான சிகிச்சையை முதுகுக்கென்று நம்பவைக்கப்பட்டவர்கள். தவறு நடந்தது அந்த முதல் பேச்சிலேதான். என் அத்தை ஆபரேஷன் செய்துகொண்டார். பாதத்தில் மரமரப்பு இன்னும் இருக்கிறது, குளிர்காலத்தில் முதுகு பிடித்துக்கொள்கிறது, பஸ் ஸ்டாப்புக்குத் தனியாக நடந்து போகிறார்.

ஓர் அத்தையை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆகவே அந்த ஆய்வுக்கே போகிறேன். ஜேம்ஸ் வைன்ஸ்டீன் தலைமையில் அமெரிக்காவின் 13 மையங்களில் நடந்தது, நரம்புச் சுருக்கம் பற்றிய முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. நோயாளிகளில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் ஆபரேஷனுக்கும் மற்ற சிகிச்சைக்கும் பிரித்தார்கள்; மற்றவர்கள் தாங்களே சிகிச்சையைத் தேர்ந்துகொண்டார்கள். ஆபரேஷனுக்கு எதிரானவர்கள் இந்த ஆய்வையே மேற்கோள் காட்டுவார்கள், ஏனென்றால் குலுக்கலில் விழுந்தபடியே இரு குழுக்களையும் ஒப்பிட்டால் நடமாட்டத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நடந்தது என்ன? ஆபரேஷன் குழுவில் 67 சதவீதம் பேர்தான் இரண்டு ஆண்டுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஆபரேஷன் இல்லாத குழுவில் 43 சதவீதம் பேர் அதே இரண்டு ஆண்டுக்குள் தாங்களாகவே போய்ச் செய்துகொண்டார்கள். இரண்டு குழுக்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. உண்மையில் யார் எந்தச் சிகிச்சை பெற்றார்கள் என்ற அடிப்படையில் பார்த்தபோது, மூன்றாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்தவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள், இரண்டு ஆண்டுவரை அது குறையவில்லை.

இந்த இரண்டாவது ஒப்பீட்டில் ஓட்டை உண்டு. ஆபரேஷனைத் தேடிப்போகிறவரும் போகாதவரும் வேறு வேறு மாதிரியான மனிதர்களாக இருக்கலாம். எட்டாவது ஆண்டில் பார்த்தபோது குலுக்கல் குழுவினரிடம் ஆபரேஷனின் மேன்மை கரைந்திருந்தது. தாங்களே சிகிச்சையைத் தேர்ந்துகொண்ட குழுவினரிடம் நீடித்தது. ஆக, வாழ்நாள் முழுதும் நிச்சயம் என்று சொல்ல முடியாது. சில ஆண்டுகள் நல்ல நடை என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் நான்கு ஆண்டு நல்ல நடை என்பதைச் சிறியது என்று எவர் சொல்வார்?

அந்த நடை வாழ்க்கையில் எதைத் தொடுகிறது என்பதற்கு, முதுகு நோயாளிகளிடம் உலகம் முழுக்கக் கேட்கப்படும் ஆஸ்வெஸ்ட்ரி என்ற கேள்வித்தாளைப் பார்க்கலாம். பத்தே கேள்விப் பிரிவுகள். வலி எவ்வளவு என்பது அவற்றில் ஒன்றுதான். குளித்து உடுத்த முடிகிறதா, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, தூக்கம் எப்படி, பயணம் போக முடிகிறதா, நாலு பேரோடு பழக முடிகிறதா, தாம்பத்தியம் எப்படி என்றெல்லாம் கேட்கிறது. நம் வீடுகளில் முதியவரிடம் 'வலி எப்படிப்பா இருக்கு?' என்று மட்டும்தான் கேட்கிறோம். உட்கார்ந்தே இருப்பவர் 'பரவாயில்லை' என்கிறார். அது உண்மையும்கூட, உட்கார்ந்தால்தான் இந்த நோயில் வலி இல்லையே. அவர் எங்கேயும் போவதை நிறுத்திவிட்டார் என்பது அந்தப் பதிலில் மறைந்துபோகிறது.

4. காசுக்காகச் செய்கிறார்கள் என்றால், எதைச் செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

எதிர்த்தரப்பில் இதுதான் மிக வலுவான வாதம், இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் கணக்குகளை ரிச்சர்ட் டேயோ குழுவினர் 2010-இல் ஆராய்ந்தார்கள். பல எலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இணைக்கும் சிக்கலான ஆபரேஷன்கள் 2002-க்கும் 2007-க்கும் இடையில் 15 மடங்கு பெருகியிருந்தன. ஐந்தே வருடத்தில் மக்களின் முதுகெலும்பு அப்படி மாறிவிடாது. உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள், நரம்புக்கு இடம் விடும் எளிய ஆபரேஷனில் 2.3 சதவீதம், சிக்கலான இணைப்பில் 5.6 சதவீதம். எலும்பை இணைப்பதால் கூடுதல் நன்மை உண்டா என்று ஸ்வீடனில் 50 முதல் 80 வயதுவரையான 247 பேரிடம் சோதித்தார்கள். 2016-இல் வந்த முடிவு, இரண்டு ஆண்டிலும் ஐந்து ஆண்டிலும் நன்மை இல்லை என்பது. எலும்பு சற்று முன்னே நழுவியவர்களுக்கும் பெரும்பாலும் எளிய ஆபரேஷன் குறைந்ததில்லை என்று நார்வே ஆய்வு 2021-இல் காட்டியது. நொறுங்கிய முதுகெலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் முறையும் 2009-இல் வெளிவந்த இரண்டு சோதனைகளில் பொய்ச் சிகிச்சையைவிட மேலாக இல்லை.

சரி, இவை எதை நிரூபிக்கின்றன? தேவையில்லாத ஸ்க்ரூ யாருக்கும் வேண்டாம் என்பதை. நாற்பது வயதுக்காரருக்கும் வேண்டாம். மேலே சொன்ன ஆய்வுகளில் நல்ல பலன் தந்ததும் ஓர் ஆபரேஷன்தான், சிறிய ஆபரேஷன். பெரியதன் மீதுள்ள நியாயமான சந்தேகத்தால் சிறியதையும் தூக்கியெறிகிறது நம் குடும்ப ஞானம். 'எனக்கு எலும்பு நிலையில்லாமல் ஆடுகிறதா? இணைக்காமல், இடம் மட்டும் விட்டால் போதாதா? ஏன் போதாது?' என்று டாக்டரிடம் கேட்டு, பதில் திருப்தி தராவிட்டால் இரண்டாவது ஒருவரிடம் போக வேண்டும். எலும்பு உண்மையிலேயே நிலையில்லாமல் இருந்தால் இணைப்பு தேவைப்படும். அப்போது எலும்பின் அடர்த்தியை முன்கூட்டியே சோதித்தார்களா என்றும் கேட்க வேண்டும், தேய்ந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது.

காசைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் ஊசிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியை 'ஆபரேஷன் இல்லாத வழி' என்று குடும்பங்கள் நிம்மதியோடு ஏற்கின்றன. இந்த நோயுள்ள 400 பேரிடம் நடந்த சோதனை 2014-இல் வெளிவந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், வெறும் மரப்பு மருந்தைவிட ஸ்டீராய்டு சேர்ந்த ஊசி சொல்லத்தக்க நன்மை எதையும் தரவில்லை. மறுபடி மறுபடி அந்த ஊசிக்குப் போகிறவர்களை யாரும் தடுத்து 'இந்த வயசுல எதுக்கு' என்று கேட்பதில்லை.

5. பயிற்சியும் ஓய்வும் ஒன்றா?

பயிற்சிக்கு என் முழு ஆதரவு உண்டு. 2015-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முறையான பிசியோதெரபி பெற்றவர்களும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இரண்டு ஆண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். பிசியோதெரபி குழுவில் 57 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷனுக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மீதிப் பேருக்கு மாறத் தேவைப்படவில்லை. எனவே முதலில் சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்ப்பதே சரி. இந்த நோய் திடீரென்று முடக்குவது அரிது, அவகாசம் இருக்கிறது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி போனாலோ, கால் சட்டென்று பலமிழந்தாலோ மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஓய்வு வேறு. 2007-இல் வெளியான ஒரு பரிசோதனையில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்தது. நோயே இல்லாதவர்களுக்குப் பத்தே நாளில் இந்தக் கதி.

6. 'இன்னும் எத்தனை வருடம்?' யாருடைய கேள்வி இது?

இந்தியாவில் அறுபது வயதைத் தொட்டவர் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டுகள் வாழ்கிறார். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இத்தனை பேரை இத்தனை ஆண்டு நாற்காலியில் உட்கார்த்திவைக்கும் கருத்தைக் கருணை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வருடம் குறைவாக இருக்கிறது என்றால் அதில் நடக்கும் நாட்கள் அதிகமாக இருக்க வேண்டும் என்பதுதானே நியாயமான முடிவு?

அந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் நோயாளி இல்லை. டாக்டர் அறையில் மகன் பேசுகிறார், மருமகள் ஸ்கேன் உறையைப் பிரிக்கிறார், வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோ காலில் இருக்கிறார். நோயாளி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் அத்தையிடம் டாக்டர் நேராகத் திரும்பி, "உங்களுக்கு என்னம்மா செய்யணும்?" என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்குப் போகணும் சார்." அதுவரை எங்களில் யாருக்கும் அது தெரியாது. எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'எனக்கு வேண்டாம், இப்படியே இருந்துகொள்கிறேன்' என்று முதியவரே சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் வாயால் சொல்ல வேண்டும்.

7. படுத்த படுக்கையாக்குவது யார்?

எளிய ஆபரேஷன் முடிந்த நோயாளியை அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நிறுத்துவதும் சில அடி நடக்கவைப்பதும்தான் இன்றைய முறை. கனம் தூக்கக் கூடாது, இடுப்பை வளைத்துக் குனிந்து எடுக்கக் கூடாது, தரையில் உட்காரவும் இந்தியக் கழிப்பறைக்கும் சில வாரம் பொறுக்க வேண்டும். நடக்கத் தடையில்லை. நடப்பதுதான் மருந்து. வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? "மூணு மாசம் அசையக்கூடாது" என்று ஒரு பெரியம்மா தீர்ப்புச் சொல்கிறார். கட்டிலுக்கே தட்டு வருகிறது, கட்டிலுக்கடியில் பெட்பேன் வருகிறது. பெல்ட்டை ராத்திரியும் கழற்றவிடுவதில்லை. எழ முயன்றால் அதட்டி உட்காரவைக்கிறார்கள். இரண்டாவது வாரத்தில் மலச்சிக்கல், மூன்றாவது வாரத்தில் சளி, அதற்குள் தொடை சூம்பிவிடுகிறது. எழுந்து நிற்கும்போது கால் நடுங்குகிறது. பார்க்க வந்தவர்கள், "சொன்னோம்ல, முதுகுல கை வெச்சா அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த தெருவில் இன்னொரு முதியவரின் ஆபரேஷன் இந்தச் சாட்சியத்தால் நின்றுபோகிறது.

ஆபரேஷன் தேதியைக் குறிக்கும் அன்றே, வீடு திரும்பியபின் காலையும் மாலையும் அவரை நடக்க அழைத்துப்போவது யார், பிசியோதெரபிஸ்ட் வரும் நேரம் எது, கழிப்பறையில் கைப்பிடி யார் பொருத்துவது என்பதையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு வீட்டில் ஆள் இல்லை என்றால், ஆள் கிடைக்கும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். அது நியாயமான காரணம்.